இறவாரத் தண்ணீர் விழுந்த இடம்

அத்தியாயம் 9

மீனாட்சிபுரத்துக்குக் கிழக்கே, கொச்சி ராஜ்யம் முடிந்து பொள்ளாச்சிச் சீமை தொடங்குவதற்கு இரண்டு வயல் முன்பாக அந்த வீடு இருந்தது. அங்கே அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரிந்துகொள்வது என்று முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது. என்ன சண்டை என்று ஊரில் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டையே இல்லை. அதுதான் கஷ்டம். சண்டை இருந்திருந்தால் யாராவது வந்து சமாதானம் செய்து வைத்திருப்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சோளத்தட்டு வாங்க வந்த ஓர் ஆள் பேச்சுவாக்கில் மாரப்பனிடம், "தம்பி தனியாப் போகோணும்னு நெனைக்கறாப்ல இருக்குதுங்களே" என்றான். அதே ஆள் தட்டை வண்டியில் ஏற்றும்போது காளிச்சாமியிடம், "அண்ணன் பிரிச்சு உட்டரலாம்னு இருக்கறாருங்களா?" என்று கேட்டான். தம்பியின் ஆசைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று அண்ணனும், அண்ணனின் ஆசைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று தம்பியும் அன்று மாலையே சம்மதித்துவிட்டார்கள். தட்டு வாங்கினவன் போனவன் போனவன்தான்.

மானாவாரிக் காடும் தோட்டமும் சென்ற வாரம் பாதி பாதியாகி வரப்புப் போட்டாயிற்று. மிச்சம் வீடு.

வீட்டைப் பாதியாக்க முடியாது. முன்னால் ஆசாரம் என்கிற கூடம் ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டு அறை, ஓர் அடுப்படி. எல்லாம் ஒரே மோட்டுவளைக்குக் கீழே. நடுவில் சுவர் வைத்தால் இரண்டு பக்கத்திலும் காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். ஆகையால் மாரப்பன் வேறு விதமாகப் பங்கு வைத்தார். ஒரு பங்கு, கூரைக்குக் கீழே உள்ளதெல்லாம். மற்றொரு பங்கு, வானத்துக்குக் கீழே உள்ளதெல்லாம்: வாசல், களம், கிணறு, மாடு கட்டும் கட்டுத்தரை, புளியமரம், எருக்குழி.

மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அது அந்தப் பக்கத்து வழக்கம். கோணலாகப் பங்கு வைத்தால் கோணல் பங்கு வைத்தவனுக்கே வந்து சேரும் என்று யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. அந்தப் புத்திசாலிக்குத் தன் தம்பியின் மேல் பிரியம் இருந்திருக்காது போலிருக்கிறது.

*

புதன்கிழமை. வெயில் இன்னும் வாசலுக்கு இறங்கவில்லை. மாரப்பன் மனைவி பழனாத்தாள் தயிர் கடைந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, தம்பி நெசமாலுமே வாசலைத்தான் எடுப்பாருங்களா?"

"வேறெதை எடுப்பான்? பதினேழு வருசமாக் கூரைக்குக் கீழ படுத்தவனா அவன்?"

இது உண்மை. காளிச்சாமி வெயில் காலம், பனிக்காலம் எல்லாவற்றிலும் கயிற்றுக் கட்டிலை எருமைகளுக்குப் பக்கத்தில் போட்டுத்தான் படுப்பான். மழை வந்தால் கட்டிலை எருமைகளுக்கு நடுவில் போட்டுக்கொள்வான். ஓட்டுக்குக் கீழே மூச்சு முட்டுகிறது என்பான். கல்யாணமான புதிதில் இரண்டு மாதம் வீட்டுக்குள் படுத்தான்; அதுவும் பழனாத்தாள் வைத பிறகு. ஏழு எருமை, பொள்ளாச்சிக்குப் போகிற பால், இவைதாம் அவன் உலகம். மனிதர்களிடம் பேசுவதைவிட எருமைகளிடம் அவன் பேசியது அதிகம். அவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன.

"அதுக்காகத்தானே கெணறு, களம், புளியமரம் எல்லாத்தையும் வாசலோட சேத்து வெச்சேன்" என்றார் மாரப்பன். "நமக்கு ஊடு வந்துருச்சுன்னா அவனுக்கு ஒரு கொறையும் வந்தறக் கூடாது பாரு."

"எனக்கு அந்த உள்ளறை ஒண்ணு போதுமுங்க."

அவளுக்கு அந்த உள்ளறை எதற்கு வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். கோவிந்தாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே மகள் ராசம்மாளுக்கு இது முதல் பேறு, ஒன்பதாவது மாதம். வருகிற வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து அவளை அழைத்துவர வேண்டும். அந்த உள்ளறையில்தான் மாரப்பன் பிறந்தார், பன்னிரண்டு வருஷம் கழித்துக் காளிச்சாமி பிறந்தான், ராசம்மாளும் பிறந்தாள். அவளுடைய பிள்ளையும் அங்கேதான் பிறக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததை எதற்குச் சொல்வது?

*

ஒன்பது மணிக்கு ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிற அப்புசாமி பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்தார். பாகப் பத்திரம் எழுதுவதில் அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். எங்கே போனாலும் குடையோடுதான் போவார். பாகம் பிரிகிற வீட்டில் என்ன மேலே வந்து விழும் என்று சொல்ல முடியாது என்பது அவர் அனுபவம்.

ஆசாரத்தில் பாய் விரித்து இரண்டு தாம்பாளம் வைத்தார்கள். ஒன்றில் வீட்டுச் சாவி. ஒன்றில் மாடு கட்டுகிற தும்புக் கயிறு. கதவுக்குப் பின்னால் பழனாத்தாளும், காளிச்சாமியின் மனைவி சாந்தம்மாளும் நின்றார்கள்.

"பங்கு வெச்சது மூத்தவர். எடுக்கறது இளையவர். எடுத்ததுக்கப்பறம் எந்தத் தர்க்கமும் பாடில்லை" என்று அப்புசாமி பாதி மலையாளத்தில் சொன்னார். "எடுக்கலாம்."

காளிச்சாமியின் கை கயிற்றின் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது.

அவன் மனதில் ஓடியதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் நல்லதையெல்லாம் வாசலோடு சேர்த்திருக்கிறார் என்று அவன் பார்த்தான். கிணறு அதில், களம் அதில், புளியமரம் அதில். பங்கு வைக்கிறவன் தான் ஆசைப்படுகிற பக்கத்தில்தானே நல்லதைச் சேர்ப்பான்? அப்படியானால் அண்ணனுக்கு வாசல் வேண்டும். முப்பது வருஷமாக அந்தக் களத்தில் கடலைக்காய் காயப் போட்டவர். வாய் திறந்து சொல்லமாட்டார். தம்பி தெரிந்து நடந்துகொள்ள வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு சாவியை எடுத்துவிட்டான்.

கதைகளில் இந்த இடத்தில் உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கும். பழனாத்தாள் கையிலிருந்த பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தோசம்" என்றார் மாரப்பன்.

"சந்தோசமுங்கண்ணா" என்றான் காளிச்சாமி.

அந்த ஆசாரத்தில் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தவர் அப்புசாமி ஒருவர்தான். மைக்கூட்டைத் திறந்தார்.

*

களத்து மூலையில் மாரப்பனைப் பிடித்து நிறுத்தினாள் பழனாத்தாள்.

"போய்க் கேளுங்க. ஒரே ஒரு அறை. மூணு மாசத்துக்கு."

"கேட்டாக் குடுத்துருவான்."

"அப்பறம் என்னுங்க?"

"அதனாலதான் கேக்க முடியல. அறையைக் கேட்டா ஊட்டையே தூக்கிக் குடுத்துட்டு வந்து வாசல்ல படுத்துக்குவான். பங்கு வெச்சதும் நானு, அவன் எடுத்ததுக்கப்பறம் அதைப் புடுங்கிக்கிட்டதும் நானுன்னு ஆகும். ஊருக்குள்ள தலை காட்டறதா வேண்டாமா?"

"அப்பப் புள்ளை எங்கீங்க படுப்பா?"

"சாளை ஒண்ணு கட்டிக்கலாம். நாளைக்கே ஓலைக்குச் சொல்றேன்."

பழனாத்தாள் மேற்கே பார்த்தாள். மலைக் கணவாயில் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. இடவப்பாதிப் பருவமழைக்கு இன்னும் பத்து நாள் இருந்தால் அதிகம்.

"மொதப் பேறுங்க" என்றாள். "ஓலைச் சாளையில, மழையில, எருமைக்குப் பக்கத்துல."

"எருமை நம்முளுதில்ல."

"ஆமாமுங்க. அதுவும் நம்முளுதில்ல."

அடுப்படியில் சாந்தம்மாள் தன் புருஷனிடம் ஏறக்குறைய இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு எருமையையும் இனி எங்கே கட்டுவது? ஆசாரத்திலா? அண்ணனிடம் கட்டுத்தரையைக் கேட்டால் என்ன? காளிச்சாமி, "அதெப்புடிக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

*

பத்திரத்தில் எல்லை எழுத வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது.

"வீட்டுக்குக் கிழக்கு எல்லை எது?" என்று அப்புசாமி கேட்டார். "வாசல் எங்கே தொடங்குது?"

"எறவாரத் தண்ணி உழுகற எடத்துலிருந்துங்க" என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். ஓட்டின் விளிம்பிலிருந்து மழைத் தண்ணீர் தரையில் எங்கே விழுகிறதோ அதுவரைக்கும் வீடு, அதற்கு அப்பால் வாசல். அதுதான் ஊர் வழக்கம்.

"அது எந்த இடம்?"

தரையைப் பார்த்தார்கள். மழை பெய்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. வாசலைப் பழனாத்தாள் தினமும் சாணம் தெளித்துப் பெருக்கி எல்லாக் குழியையும் மூடி வைத்திருந்தாள். சுத்தமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"மழை வர்ற வரைக்கும் நான் இங்க உக்கார முடியுமா? திங்கட்கிழமை கச்சேரியில பதிவு" என்றார் அப்புசாமி.

"மழைதானுங்களே வேணும்?" என்று காளிச்சாமி ஏணியை எடுத்து வந்தான்.

ஓட்டின் மேல் ஏறிக்கொண்டான். மாரப்பன் கிணற்றில் இறைத்துக் குடம் குடமாக ஏணியில் ஏற்றிக் கொடுத்தார். காளிச்சாமி மோட்டிலிருந்து ஊற்ற, தண்ணீர் ஓட்டில் வரிவரியாக இறங்கி விளிம்பில் சொட்டியது. விழுந்த இடத்தில் மாரப்பன் ஒவ்வொரு கல்லாக நட்டார். அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நின்றார்கள். ஒரு பிரிவினையை இவ்வளவு ஒற்றுமையாக யாரும் செய்து அவர்கள் பார்த்ததில்லை. நான்கு குடம் வரைக்கும் அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டுகூட இருந்தார்கள். ஐந்தாவது குடத்தில் அப்புசாமி நனைந்தார். குடை ஆசாரத்தில் இருந்தது.

ஆறாவது குடத்தில் காற்று வந்தது. வைகாசி மாதத்துக் கணவாய்க் காற்று சும்மா வராது. மேற்கேயிருந்து மோட்டைத் தாண்டி அடித்ததில், ஓட்டில் இறங்கின தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் ஒரு முழம் தள்ளி வாசலுக்குள் போய் விழுந்தது. மாரப்பன் அங்கே கல்லை நட்டார்.

"அண்ணா, அது காத்துத் தள்ளுனதுங். கல்லை ஒரு மொழம் உள்ளாற வெய்யுங்க."

"உழுந்த எடம் உழுந்த எடந்தான்டா."

"வேண்டாமுங், உங்க வாசல்ல ஒரு மொழம் கொறையுதுங்."

"கொறைஞ்சாக் கொறையட்டும். உன்ற ஊட்டுக்கு ஒரு மொழம் வந்தா எனக்கென்ன?"

"எனக்கு வேண்டாமுங்கறேன்."

"எடுத்துக்கடா."

"நீங்க எடுத்துக்குங்க."

வேலியோரம் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் யார் சிரித்தாலும் பொறுப்பார்கள். தாங்கள் விட்டுக்கொடுப்பதைப் பார்த்துச் சிரித்தால் பொறுக்கமாட்டார்கள்.

மாரப்பன் கல்லைப் பிடுங்கி இன்னும் ஒரு முழம் வெளியே தள்ளி ஓங்கி ஊன்றினார். "இந்தா. வெச்சுக்க. போதுமா?"

"எனக்கு எதுக்குங் வாசல்ல ரெண்டு மொழம்? மாடு கட்டறதுக்கா?" என்றான் காளிச்சாமி மேலேயிருந்து. குரல் மாறிவிட்டது.

"மாடு கட்டறவனுக்கு ஊடு எதுக்குடா? ஏன்டா எடுத்தே?"

கேட்டுவிட்டார். வேலியோரம் சிரிப்பு நின்றது.

"நீங்க வாசலுக்கு ஆசைப்பட்டீங்கன்னு உட்டுக் குடுத்தனுங்" என்றான் காளிச்சாமி.

இங்கே ஒரு கணம் இருந்தது. இந்த வீட்டு விஷயத்தில் எல்லாம் நேராகியிருக்கக் கூடிய கணம். தம்பிக்கு வாசல் வேண்டும், எனக்கு வீடு வேண்டும், மாற்றிக்கொள்வோம் என்று மாரப்பன் சொல்லியிருந்தால் அப்புசாமி ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருப்பார். மாரப்பனுக்கும் அது தெரிந்தது. ஆனால் அவர் காதில் நின்றது ஒரே ஒரு சொல்தான்.

"உட்டுக் குடுத்தியா? எனக்கா? உன்னைத் தோள்ல தூக்கி வளத்தவன்டா நானு. உன்ற கையில வாங்கித் திங்கற நெலமையா எனக்கு?"

"அப்ப உங்களுக்கு என்னதானுங் வேணும்? வாயைத் தொறந்து கேளுங்க! ஒரு நாளாச்சும் கேட்டிருக்கறீங்களா?"

"உன்கிட்டக் கேக்கறதா? ஆளில்லாத ஊட்டுக்கு ரெண்டு அறை எதுக்குடா? ஒண்ணுல நீ படு. இன்னொண்ணுல வெறுந்தொட்டிலைக் கட்டி உன்ற பொண்டாட்டிய ஆட்டச் சொல்லு!"

காற்றுகூட அந்த நேரம் பார்த்து நின்றது.

காளிச்சாமிக்கும் சாந்தம்மாளுக்கும் பிள்ளையில்லை. பதினேழு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ராசம்மாள் ஐந்து வயதிலிருந்து சாந்தம்மாள் மடியில் படுத்துத்தான் தூங்கினாள். தலை பின்னிவிட்டது, மஞ்சள் பூசிவிட்டது, கல்யாணத்தன்று விடாமல் அழுதது எல்லாம் சாந்தம்மாள். ஒவ்வொரு கோயில் மரத்திலும் அவள் மரத்தொட்டில் கட்டிவிட்டு வரும்போது அவளோடு துணைக்குப் போய்வந்தவள் பழனாத்தாள்.

சாந்தம்மாள் ஆசாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாரப்பன் அவளை அப்போதுதான் பார்த்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல், மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

காளிச்சாமி ஏணியில் இறங்கினான். காலிக் குடத்தை அண்ணன் காலடியில் வைத்தான். கட்டுத்தரைக்குப் போய் ஏழு எருமையையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

"எங்கடா ஓட்டறே?" என்று கேட்க மாரப்பன் வாயைத் திறந்தார். வரவில்லை. தேவையில்லாதபோது அவ்வளவு வந்த வாய்.

எருமைகள் வேலிப் படலைத் தாண்டிக் கிழக்கே போயின. அவற்றுக்கு அது மேய்ச்சல் நேரம் இல்லை என்று தெரிந்திருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயின.

அப்புசாமி ஈரத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "கெழக்கு எல்லையை நான் அப்பறம் எழுதிக்கறேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குடையோடு போய்விட்டார்.

*

மத்தியானம் முழுவதும் மாரப்பன் களத்தில் உட்கார்ந்திருந்தார். பழனாத்தாள் அவருக்குச் சோறு போடவில்லை. அடுப்படி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கதவைத் தட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க என்னை அடிச்சிருந்தீங்கன்னாப் பரவால்லைங்க" என்றாள். "அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லோணும்னு நெனைக்கல."

"தெரியுமுங்க. அவளுக்குத் தெரியோணுமில்ல?"

"போய்ச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவீங்க?"

மாரப்பன் யோசித்தார். பங்கு வைக்கத் தெரிந்தவர், வழக்குப் பேசத் தெரிந்தவர், நாலு ஊரில் நியாயம் சொல்லக் கூப்பிடுகிற ஆள். தன் தம்பி மனைவியிடம் என்ன சொல்வது என்று பொழுது சாய்கிற வரைக்கும் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்த வாசல் எவ்வளவு பெரிது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் உட்கார்ந்தால் எந்தப் பக்கமும் முதுகு சாயச் சுவர் இல்லை.

வெள்ளிக்கிழமை மகளை அழைக்கப் போக வேண்டாம் என்று முடிவு செய்தார். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று சம்பந்திக்குச் சொல்லியனுப்பலாம். முதல் பேறைப் புருஷன் வீட்டில் பார்த்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். காலையில் தானும் பேசினவர்தானே.

இந்த முடிவைப் பழனாத்தாளிடம் சொல்வதற்காக அவர் எழுந்தபோது, படலுக்கு வெளியே வண்டி மாட்டின் சலங்கை கேட்டது.

கோவிந்தாபுரத்து வண்டி. ஓட்டிவந்தவன் சம்பந்தி வீட்டுப் பண்ணையாள் செங்கோட்டையன். உள்ளே வைக்கோல் மெத்தையின் மேல் ராசம்மாள், ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் வண்டிச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு.

"பக்கத்து ஊட்ல ஒரு சாவுங்க" என்றான் செங்கோட்டையன். "கொட்டுச் சத்தத்துல மாசமா இருக்கற புள்ளை இருக்க வேண்டாமுன்னு பெரியம்மா இப்பவே அனுப்பிச்சுட்டாங்க. விருந்து அப்பறமா வெச்சுக்கலாமுன்னு சொல்லச் சொன்னாங்க."

பழனாத்தாள் ஓடிப்போய் மகளை இறக்கினாள். "வா கண்ணு, வா" என்றவள் எங்கே வா என்று சொல்லாமல் நின்றுவிட்டாள். கட்டுத்தரை காலியாக இருந்தது. களம் காலியாக இருந்தது.

"சித்தப்பா வழியில பாத்தாருங்மா" என்றாள் ராசம்மாள். "வண்டியை நிறுத்தி எட்டிப் பாத்துட்டு, 'வெளிய நிக்காத சாமி, நேரா உள்ளறைக்குப் போய்ப் படு'ன்னாரு. ஏனுங்மா, எருமையெல்லாம் எங்க ஓட்டிட்டுப் போறாரு? கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாரு."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இடுப்பு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்து, யாரோ குழந்தைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். ஒரு கல் காலில் இடறிச் சாய்ந்தது. "சின்னம்மோவ்!" என்று கூப்பிட்டுக்கொண்டே கதவைத் தள்ளினாள். கதவு உள்ளேயிருந்து திறந்தது. ராசம்மாள் உள்ளே போனாள்.

உள்ளே என்ன நடந்தது என்று வாசலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பேச்சுச் சத்தம் இல்லை. அழுகைச் சத்தமும் இல்லை.

செங்கோட்டையன் மாட்டை அவிழ்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டிட்டுப் போறாருங்க. நாளைக்கு வெசாலக்கெழமை. சந்தையில்லீங்களா? ஏழையும் வித்துருவாரு போலத் தெரியுதுங்க."

மாரப்பன் அவனைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார்.

சாந்தம்மாள் வெளியே வந்தாள். இடுப்பில் காலிக் குடம். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆசாரத்தைத் தாண்டி வந்தவள், கற்களுக்கு ஒரு சாண் முன்பாக நின்றாள். புருஷனுக்கு மூத்தவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பதினேழு வருஷத்தில் அவள் மாரப்பனிடம் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை. எதுவானாலும் பழனாத்தாள் வழியாகத்தான். பழனாத்தாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சாந்தம்மாள் அவளைப் பார்க்கவில்லை.

"மாமா" என்றாள். "புள்ளைக்குச் சுடுதண்ணி வெக்கோணுமுங்க. கெணறு உங்க பங்குங்க. ஒரு கொடம் எடுத்துக்கலாமுங்களா?"

கேலி இல்லை, கோபம் இல்லை. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டில் கேட்பது போல முறையாகக் கேட்டாள்.

மாரப்பன் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். அந்த வீட்டு ஆண்கள் காட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இறைப்பார்கள்; அடுப்படிக்கு இறைத்ததில்லை. நிறைய இறைத்து, தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். கற்கள் வரைக்கும் வந்தார். கால் நின்றுவிட்டது.

குடத்தை வாங்கிக்கொள்ளச் சாந்தம்மாள் கை நீட்டவில்லை.

"அப்பா!" என்று உள்ளறையிலிருந்து ராசம்மாளின் குரல் வந்தது, களைப்பும் சிணுங்கலுமாக. "ஏனுங்ப்பா, வந்து எத்தனை நேரமாச்சு! உள்ள வாங்களேன். எதுக்கு வாசல்லயே நின்னுட்டு இருக்கறீங்க?"

மாரப்பன் சாந்தம்மாளைப் பார்த்தார். அவள் விலகவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

குடம் கனத்துக்கொண்டே இருந்தது.